பறித்து வைப்பதும் உடைத்துப் போடுவதும்

பதின்பருவப் பிள்ளையின் கைப்பேசியைச் சுவரில் அடித்து உடைப்பது, ஆசையாக வைத்திருக்கும் உடையைக் கிழிப்பது, கதைப் புத்தகங்களையோ படம் வரையும் நோட்டையோ அடுப்பில் போடுவது போன்ற செயல்கள் பெரும்பாலான நாடுகளில் இன்றும் வீட்டுக்குள் முடிந்துபோகும் விவகாரங்களாகவே கருதப்படுகின்றன; பிள்ளைகளை அடிப்பது தவறு என்று ஒப்புக்கொள்ளும் பெற்றோரிலும் பலர், உடம்பில் கை படாத தண்டனை என்பதால் இதில் குற்றம் ஏதுமில்லை என்றே நினைக்கின்றனர். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். பொருள் பெற்றோரின் காசில் வாங்கியது என்பது ஒன்று. எத்தனை முறை சொல்லியும் கேட்காத பிள்ளைக்கு அதிர்ச்சி வைத்தியம் தேவை என்பது மற்றொன்று. முதற்காரணம் சட்டத்தையும் அடுத்தது உளவியலையும் சார்ந்தது. ஆராய்ந்து பார்த்தால் முதற்காரணம் ஓரளவுக்கு நிற்கிறது, அடுத்தது நிற்கவில்லை.

இவ்விரு காரணங்களும் ஒருசேர வெளிப்பட்ட நிகழ்ச்சி 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்தது. வீட்டு வேலைகளை எல்லாம் தன் தலையில் கட்டுகிறார்கள் என்று பெற்றோரைக் கடுமையாகச் சாடி, அவர்கள் கண்ணில் படாதபடி ஃபேஸ்புக்கில் 15 வயது மகள் எழுதிய பதிவைத் தற்செயலாகக் கண்டுவிட்ட தந்தை, அதைக் கேமரா முன் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அவளுடைய மடிக்கணினியைப் புல்தரையில் வைத்துக் கைத்துப்பாக்கியால் பலமுறை சுட்டு, அக்காட்சியை யூடியூபில் வெளியிட்டார். சில வாரங்களுக்குள் அது கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. காவல்துறையினரும் குழந்தைகள் நல அலுவலர்களும் வீடு தேடி வந்து விசாரித்துச் சென்றார்களே ஒழிய, வழக்கு எதுவும் பதியப்படவில்லை. பார்த்தவர்களிலும் பெருந்தொகையினர் அவரைக் கண்டிப்பான தந்தை என்று பாராட்டவே செய்தனர்.

வழக்குப் பதியப்படாததில் வியப்பில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச் சட்டம் எனப்படும் ஆங்கிலேய மரபின்படி, பெற்றோர் தம் பராமரிப்புக் கடமையின் பொருட்டுப் பிள்ளைக்கு வாங்கித்தரும் உடை, புத்தகம், கருவி முதலியவை பொதுவாகப் பெற்றோரின் உடைமையாகவே இருக்கின்றன. வயது நிறையாத பிள்ளை வேலை செய்து ஈட்டும் கூலியும் அவர்களையே சேரும். சாப்ளினின் 1921-ஆம் ஆண்டுப் படமான ‘தி கிட்’டில் நடித்துப் புகழ்பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தன் சம்பாத்தியம் பெரும்பாலும் கரைந்துபோனதைக் கண்டு 1938-இல் தாய்மீதும் மாற்றுத் தந்தைமீதும் வழக்குத் தொடுக்க நேர்ந்ததும், அதன் விளைவாகக் குழந்தை நடிகர்களின் வருவாயில் ஒரு பங்கைக் காக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 1939-இல் இயற்ற நேர்ந்ததும் இந்த மரபினால்தான். ஆனால் இதே மரபு அன்பளிப்பை வேறாகப் பார்க்கிறது: பாட்டி பிறந்தநாளுக்குக் கொடுத்த கைக்கடிகாரம் பேரனுக்கே உரியது, அதை அவனுக்காகப் பாதுகாக்கும் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு, அழிக்கும் உரிமை இல்லை. ஆகவே ‘காசு கொடுத்தது யார்’ என்ற வாதத்தைக்கூட ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே நிறுவ வேண்டியிருக்கும்.

இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும், இயற்கைக் காப்பாளரான பெற்றோரின் அதிகாரத்தைப் பிள்ளையின் நன்மைக்கும் அவனது சொத்தின் நன்மைக்கும் தேவையான, நியாயமான செயல்கள் என்ற எல்லைக்குள்தான் வைக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள ஒருவர் குழந்தைக்குத் தேவையற்ற மனத்துன்பமோ உடல்துன்பமோ விளைவிக்கும் வகையில் நடந்துகொள்வதைக் குற்றமாக்குகிறது. ஒரு கைப்பேசியை உடைத்ததற்காக இப்பிரிவு ஒரு பெற்றோர்மீது பாயும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை; பாய வேண்டும் என்பதும் இங்கு வாதமன்று.

பிள்ளைக்கு வயது நிறைந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. மணமுறிவுக்குப் பின் பெற்றோர் வீட்டில் சிறிது காலம் தங்கியிருந்த 40 வயது கடந்த ஒருவரின் ஆபாசப் படத் தொகுப்பை, அது தம் வீட்டில் இருக்கலாகாது என்று பெற்றோர் அழித்துவிட்டதற்காக, மிச்சிகனில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் 30,000 டாலருக்கும் மேற்பட்ட தொகையை மகனுக்கு இழப்பீடாக வழங்க உத்தரவிட்டது. நடுவயதுக்காரரின் தொகுப்பை அழித்தால் இழப்பீடு, 15 வயதுப் பெண்ணின் கணினியைச் சுட்டால் கைதட்டல் என்ற இந்த முரண், சட்டம் உடைமையை அளக்கத் தெரிந்ததே தவிர அதன் இழப்பால் விளையும் காயத்தை அளக்க அதனிடம் கோல் இல்லை என்பதைக் காட்டுகிறது.

அந்தக் காயத்தை உளவியல் நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறது. ஒருவர் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ளக்கூடிய உடலும் மனமும் மட்டுமல்லாமல், உடையும் வீடும் உறவும் உழைப்பின் பயனும் சேர்ந்ததே அவருடைய ‘தான்’ என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் விளக்கினார். நுகர்வோர் ஆய்வாளரான ரஸ்ஸல் பெல்க் 1988-இல் இக்கருத்தை ‘விரிந்த தன்னிலை’ என்ற பெயரில் வளர்த்தெடுத்து, திருட்டாலோ பேரிடராலோ உடைமையை இழப்பவர்கள் தம்மில் ஒரு பகுதியே குறைந்துவிட்டதாக உணர்வதைச் சுட்டிக்காட்டினார். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1961-இல் வெளியிட்ட நூலில், சிறைகளும் மனநல விடுதிகளும் படை முகாம்களும் புதிதாக வருபவரின் சொந்தப் பொருள்களை முதல் வேலையாக வாங்கிக்கொள்வதை, அவர் அதுவரை யாராக இருந்தாரோ அந்த ஆளைக் களைந்தெடுக்கும் சடங்காகவே விவரித்தார். ‘நான் யார்’ என்ற கேள்விக்கு விடை தேடும் வயதே பதின்பருவம் என்பதையும், நண்பர்களோடு நடந்த உரையாடல், படங்கள், பாதியில் நிற்கும் கதை, தொகுத்துவைத்த பாடல்கள் எனத் தேடலின் தடயங்கள் பலவும் இன்று ஒரே கருவிக்குள் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், உடைந்தது சில ஆயிரம் ரூபாய்க் கருவி என்ற பெற்றோரின் கணக்கு, பிள்ளையின் கணக்கோடு ஏன் ஒருபோதும் ஒத்துவருவதில்லை என்பது விளங்கும்.

இனி, அதிர்ச்சி வைத்தியம் பலன் தருமா என்ற கேள்வி. தவறான நடத்தைக்கு விலையாக ஒரு சலுகையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதை நடத்தையியலாளர்கள் ‘துலங்கல் விலை’ என்பர். இரவு முழுதும் கைப்பேசியும் கையுமாக இருந்த பிள்ளையிடமிருந்து அதை இரண்டு நாள் வாங்கிவைப்பது இவ்வகை. இம்முறை வேலை செய்வதற்குக் காரணம், இழந்ததைத் திரும்பப் பெறும் வழி திறந்திருப்பதுதான்: நடத்தை மாறினால் பொருள் திரும்பும் என்பதால், மாறுவதில் பிள்ளைக்கு ஓர் இலாபம் இருக்கிறது. உடைத்துவிட்டால் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. அதன்பின் பிள்ளை எவ்வளவு திருந்தினாலும் எதுவும் மீளப்போவதில்லை, மேலும் இழக்கவும் ஒன்றுமில்லை. பறித்துவைத்தலின் கடுமையான வடிவம்தான் உடைத்தல் என்று எண்ணுவது இதனால்தான் பிழையாகிறது. முன்னது பேரத்துக்கு இடம்வைக்கிறது, பின்னது பேச்சையே முடித்துவிடுகிறது.

பெற்றோரின் கண்டிப்பு முறைகளை ஆராய்ந்த மார்ட்டின் ஹாஃப்மன், அவற்றை அதிகாரத்தை நிலைநாட்டுதல், அன்பை விலக்கிக்கொள்ளுதல், செயலின் விளைவு பிறரை எப்படிப் பாதித்தது என்று எடுத்துணர்த்துதல் என மூவகைப்படுத்தி, பிள்ளை ஒழுக்கத்தைத் தனதாக ஏற்றுக்கொள்வதற்கு மூன்றாவதே பெரிதும் துணைசெய்கிறது என்றும், அதிகாரத்தை மட்டுமே நம்பும் முறை பிள்ளையின் கவனத்தைத் தண்டனைமீது திருப்பிவிடுகிறது என்றும் கருதினார். வட கரோலினா நிகழ்ச்சியில் மகளின் பதிவுக்கும் கணினியில் பாய்ந்த குண்டுகளுக்கும் இடையே அத்தகைய எடுத்துணர்த்தல் எதுவுமில்லை. கற்பிக்கப்பட்டது, அடுத்த முறை இன்னும் கவனமாக மறைக்க வேண்டும் என்பதாகவும் இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள துலூத் நகரில், கணவரின் வன்முறைக்கு ஆளான பெண்களின் அனுபவங்களைக் கேட்டு 1980-களில் உருவாக்கப்பட்ட ‘அதிகார, கட்டுப்பாட்டுச் சக்கரம்’ என்ற விளக்கப்படம், பொருள்களை நொறுக்குவதையும் பெண்ணின் உடைமைகளை அழிப்பதையும் ஆயுதத்தைக் காட்டுவதையும் ‘அச்சுறுத்தல்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வைக்கிறது. பொருளை உடைப்பவர், அடுத்து எதை உடைக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே தெரிவிக்கிறார் என்பது அதன் பொருள். மனைவிக்குச் செய்தால் வன்முறையின் அடையாளமாகும் செயல் மகளுக்குச் செய்தால் ஒழுக்கப் பயிற்சியாகும் என்று சொல்வதற்கு, பெற்றோருக்கு வளர்க்கும் பொறுப்பு உண்டு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தப் பொறுப்போ கூடுதல் நிதானத்தைக் கோருகிறதே அன்றிக் கூடுதல் சுதந்திரத்தைத் தருவதில்லை.

போதைப்பொருள், ஆயுதம் போன்ற ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துவது இவ்வாதத்தில் அடங்காது. அது பாதுகாப்பு, அங்கே பொருளே தீங்கு. நிறுத்திவைத்தலும் அளவோடும் காலவரையறையோடும் செய்த தவறோடு தொடர்புள்ளதாகவும் இருக்கும்வரை ஏற்கத்தக்கதே.

உடம்பில் கை படாத தண்டனையும் பிள்ளையைக் காயப்படுத்தலாம் என்பதை ஜெர்மனி சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அந்நாட்டுக் குடிமையியல் சட்டத்தொகுப்பின் 1631-ஆம் பிரிவு, வன்முறையற்ற வளர்ப்பைப் பிள்ளையின் உரிமையாக்கி, உடல் தண்டனையோடு மனத்தைக் காயப்படுத்துவதையும் இழிவுபடுத்தும் பிற நடவடிக்கைகளையும் விலக்கியது. பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. அதே திருத்தம், குடும்பச் சச்சரவுகளை வன்முறையின்றித் தீர்க்கும் வழிகளைப் பெற்றோருக்குக் காட்டுவதை இளையோர் நல அமைப்புகளின் பணிகளில் ஒன்றாகவும் சேர்த்தது.