நூலின் எடையும் கொப்பரையின் ஆவியும்

நூல் கிடங்கில் இருப்புச் சரிபார்க்கும் நாளில் எழும் மனத்தாங்கல் நம் சங்கங்களுக்குப் புதிதன்று. கார்த்திகையில் 111 கிலோ என்று நிறுத்து வரவு வைத்த நூலைச் சித்திரையில் மீண்டும் தராசில் ஏற்றினால் 106 கிலோவே நிற்கிறது என்று கொள்வோம். ஒரு சிட்டமும் வெளியே செல்லவில்லை, பூட்டும் உடையவில்லை. ஆயினும் ஐந்து கிலோ எங்கே என்று கேட்கும் அங்கத்தினருக்குக் கிடங்குப் பொறுப்பாளர் என்ன விடை கூறுவார்? வாய் திறவாது நின்றால் குற்றவாளியாகிறார். திறந்தாலோ, "நூல் காற்றிலே கரைந்துவிட்டதோ?" என்ற ஏளனம் பிறக்கிறது.

ஏளனமாகக் கேட்கப்படும் அக்கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. காற்றில் கலந்தது நூலன்று. நூலுக்குள் இருந்த நீர். பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தை இடைவிடாது வாங்கியும் கொடுத்தும் வரும் இயல்புடையது. ஈரம் சிறிதுமின்றி உலர்த்திய 100 கிலோ பருத்தி நூல், மிதமான ஈரமுள்ள காற்றில் வைத்தால் எட்டரைக் கிலோ நீரை ஏற்றுக்கொள்ளும். மழைக்காலத்தில் இது 11, 12 கிலோ வரையிலும் ஏறும்; வறண்ட கோடையில் ஐந்து, ஆறு கிலோவாக இறங்கும். தொட்டுப் பார்ப்பவருக்கு இரண்டு வேளையிலும் நூல் உலர்ந்தது போலவே தோன்றும். பட்டு இதனினும் அதிகமாக, நூற்றுக்குப் பதினொன்று என்ற அளவில் ஈரம் ஏற்கிறது. ஆகவே பட்டு நூல் வாங்கி விற்போர் இதில் இன்னும் கருத்தாக இருத்தல் வேண்டும்.

பொருள் உருமாறும்; இடம் மாறும்; இல்லாமற் போவதில்லை என்பது பள்ளிச் சிறுவரும் படிக்கும் பாடம். இதனைத் தராசைக் கொண்டே நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியர். 1789-இல் வெளிவந்த தமது இரசாயன நூலில், எந்த மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பொருளின் மொத்த எடை ஒன்றே என்று அவர் எழுதினார். வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்ததில் வியப்பில்லை. அவர் வரி வசூலிக்கும் அமைப்பிலும் பங்காளியாக இருந்தவர். அந்தத் தொடர்பே 1794-இல் அவர் உயிருக்கும் உலை வைத்தது. அது வேறு கதை.

நம் கிடங்கு வழக்கைத் தீர்க்கவும் அவருடைய வழியே வழி. கட்டின் நடுவிலிருந்து 100 கிராம் நூலை எடுத்து, 105 டிகிரி அளவில் சூடாக்கிய உலர்த்தும் பெட்டியில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்த வேண்டும். 90 கிராம் நின்றது என்றால், அந்த 90-தான் மெய்யான பருத்தி. அத்துடன் நூற்றுக்கு எட்டரை வீதம் நியாயமான ஈரத்தைச் சேர்த்தால் 97.65 கிராம் ஆகிறது. அதாவது 100 கிலோவென்று வந்த அந்த நூலுக்கு 97.65 கிலோவுக்கு விலை கொடுப்பதே முறை. எஞ்சிய இரண்டேகால் கிலோவுக்கு மேற்பட்ட எடை நீரின் எடை. அதற்கு நூல் விலை கொடுப்பானேன்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். எடை குறைந்ததனாலேயே களவு நடந்ததென்று ஆகாது; எடை சரியாக இருப்பதனாலேயே களவு நடக்கவில்லையென்றும் ஆகாது. மூன்று கிலோ நூலை எடுத்துவிட்டு மூன்று லிட்டர் நீரைத் தெளித்தவனைத் தராசு காட்டிக்கொடாது. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் சிட்டங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே இருப்புப் புத்தகத்தில் எடையோடு எண்ணிக்கையையும் எழுதி வைப்பதே பொறுப்பாளரின் மானத்திற்கும் அங்கத்தினரின் பணத்திற்கும் காவல்.

விளைவிப்போருக்கும் இதே கணக்குத்தான். பருத்தியின் மேல் நீர் தெளித்து எடை கூட்டுவோர் சில ஊர்களில் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. அன்று கிடைக்கும் சில ரூபாய்க்காகக் குவியல் உள்ளே புழுங்கி, பூஞ்சணம் பிடித்து, பஞ்சு பழுப்பேறுகிறது. பிறகு அந்த ஊர்ப் பருத்தி முழுவதற்கும் விலை இறங்குகிறது. தெளித்தவரும் தெளியாதவரும் ஒருங்கே நஷ்டப்படுகின்றனர்.

நிலக்கடலையில் தொகை இன்னும் பெரிது. பறித்தெடுத்த பச்சைக் காயில் நூற்றுக்கு 40 பங்கு நீர் இருந்தால், அதில் கடலையும் ஓடும் சேர்ந்து 60 கிலோதான். நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரம் நிற்கும் வரை உலர்த்தினால் 65 கிலோ மிஞ்சும். 35 கிலோ எடை களத்திலேயே மறைந்துவிட்டதே என்று மனம் பதைக்க வேண்டியதில்லை. போகவேண்டிய நீரே போயிற்று. அதைப் போகவிடாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பற்றி, அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு கடலையில் சேரும். அத்தகைய சரக்கை விலை பேசவும் எவரும் முன்வரார்.

அந்த 35 கிலோ நீரைத் தூக்கிச் சென்றது எது? வெயில்தான். ஆனால் அதற்கு வெயில் செலவிட்ட சக்தி எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 20,000 கிலோ கலோரி! நல்ல உலர்ந்த விறகு ஐந்தாறு கிலோவை ஒரு சிறு வெப்பமும் வீணாகாமல் எரித்தால் கிடைக்கும் தொகை இது. நம் திறந்த அடுப்புகளிலோ பத்தில் ஒன்பது பங்கு வெப்பம் புறத்தே போய்விடுவதால், ஐம்பது கிலோவுக்கு மேல் விறகு வேண்டியிருக்கும். சூரியன் இதற்குப் பட்டியல் அனுப்புவதில்லை.

நீர் ஆவியாவதற்கு இவ்வளவு வெப்பம் தேவை என்பதை முதலில் அளந்து கண்டவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஜோசப் பிளாக். 1762-இல் அவர் செய்த சோதனை மிக எளியது. குளிர்ந்த நீரைப் பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் வைத்தார். ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் நீர் கொதித்தது. அதே நெருப்பில் அது முழுவதும் வற்றுவதற்கு மேலும் இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் வெப்பமானி ஏறவேயில்லை. அவ்வளவு வெப்பமும் நீரைச் சூடேற்றாமல், நீரை ஆவியாக்குவதிலேயே ஒளிந்துகொண்டது. மறைவெப்பம் என்று நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பது இதுவே. கொதிநீரைவிடக் கொதியாவி கையைக் கடுமையாகச் சுடுவதற்கும் இதுவே காரணம்: தோலில் படும் ஆவி நீராகும்போது ஒளித்து வைத்த வெப்பம் அனைத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. சாயப்பட்டறையில் மூடியைத் தூக்குவோர் முகத்தை விலக்கிக்கொள்வது நல்லது.

இனிச் சாயக் கொப்பரைக்கு வருவோம். 30 டிகிரியில் உள்ள 100 லிட்டர் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 7,000 கிலோ கலோரி போதும். ஒரு லிட்டர் கொதிநீர் ஆவியாவதற்கு 540 கிலோ கலோரி. வகுத்துப் பார்த்தால் விடை திகைக்க வைக்கிறது. பதின்மூன்று லிட்டர் ஆவியாகிப் போனால், கொப்பரை முழுவதையும் கொதிக்க வைத்த வெப்பம் அத்தனையும் மறுமுறை செலவாகிவிட்டது! கொப்பரை தளதளவென்று பொங்கினால்தான் நூல் நன்றாக வேகும் என்னும் நம்பிக்கை பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. மெல்லக் கொதிக்கும் நீரும் பொங்கிக் கொதிக்கும் நீரும் ஒரே சூடு உடையவை. பொங்குவதால் விறகு போகிறது, சிட்டமும் சிக்கலாகிறது, நூலுக்கு வேறு நன்மை யாதுமில்லை.

பச்சை நூலை வேகவைக்கும்போதேனும் கொப்பரையை மூடி வைக்கலாம். மூடியில் படும் ஆவி நீராகி உள்ளேயே விழும். சாயத்தில் சிட்டத்தைப் புரட்டும் வேளையில் மூட இயலாது என்பதை நாம் அறிவோம். ஆனால் இக்காலத்துச் சாயங்களுள் பல 60, 80 டிகிரியிலேயே ஏறுபவை. சில சாதாரண நீரிலேயே ஏறுபவை. சாயத்துடன் வரும் குறிப்பைப் படியாமல் எல்லாவற்றிற்கும் கொதிநீர் என்பது வீண். விறகையும் உலர்த்தியே அடுப்பிலிடுக. பாதி நீராயுள்ள பச்சை விறகை வாங்குபவர், பாதிப் பணத்தை நீருக்குக் கொடுத்து, அந்த நீரை விரட்ட மறுபடியும் விறகைச் செலவிடுகிறார். புகை வேறு.

கையில் ஒரு மூங்கில் கோல் இருந்தால் போதும். ஒவ்வொரு லிட்டராக நீர் ஊற்றிக் கோலில் கோடு கீறி வைத்துக்கொண்டு, கொதி கண்டவுடன் ஒருமுறையும் அடுப்பை அணைக்கும்போது ஒருமுறையும் கொப்பரையில் விட்டுப் பாருங்கள். குறைந்த லிட்டர் ஒவ்வொன்றுக்கும், திறந்த அடுப்பில், ஒன்றரைக் கிலோ விறகு என்று எழுதிக்கொள்ளலாம்.