தட்டினால் சொல்லும் படகு

சந்தையில் பானை வாங்கும் பாட்டி என்ன செய்கிறார்? விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார். 'ணங்' என்றால் வாங்குகிறார். 'பொத்' என்றால் வைத்துவிடுகிறார். இதே சோதனையை ஒரு படகின்மேல் செய்ததை நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் பார்த்தேன்.

அது ஒரு பழைய ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட வகை. ஃபைபர் என்று சொன்னாலும் அதில் இரண்டு பொருள்கள் உண்டு. இழுவிசையைத் தாங்குபவை தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி இழைகள்; அவற்றைப் பிணைத்து நிறுத்துவது பாலியெஸ்டர் பிசின். பாய்போல் விரித்த இழைகளில் பிசினைத் தடவி அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். வெளியே பளபளப்பான மேற்பூச்சு.

வாங்க வந்தவர் அடிப்பக்கத்து விரிசல்களைக் காட்டிக் கவலைப்பட்டார். மேஸ்திரி உப்புத்தாளால் தேய்த்தார். விரிசல் மேற்பூச்சோடு நின்றுவிட்டது. "இது ஒன்றுமில்லை அண்ணே" என்று சொல்லிவிட்டு, சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர், கணீர். பின்புறத்தில், இயந்திரம் மாட்டும் பலகையில் மட்டும் 'பொத்'. அங்கே பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லை!

காரணம் என்ன? அடுக்குகள் நன்றாக ஒட்டிய இடம் விறைப்பானது. சுத்தியல் பட்டதும் துள்ளித் திரும்பும். அடுக்கு பிரிந்தோ உள்ளே மரம் மக்கியோ இருந்தால் அந்த இடம் சற்று உள்வாங்கும்; சுத்தியல் கொஞ்சம் கூடுதல் நேரம் தொட்டுக்கொண்டிருக்கும். மோதல் நேரம் நீண்டால் உயர் அதிர்வெண் ஒலிகள் அவ்வளவாக எழுவதில்லை. நேர வேறுபாடு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனாலும் காது கண்டுகொள்கிறது. நீங்களே செய்து பாருங்கள்: நாணயத்தால் மேசையைத் தட்டுங்கள், பிறகு அதைத் துணியில் சுற்றித் தட்டுங்கள். விமானப் பாகங்களைக்கூட இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு.

மேஸ்திரி அங்கே துளையிட்டார். ஈரமான கறுப்பு மரத்தூள் வந்தது. அந்தப் பலகையின் நடுவே ஒட்டுப்பலகை வைத்து இருபுறமும் ஃபைபர் போர்த்தியிருக்கும். போல்ட் துளை வழியே நீர் புகுந்து மரத்தை மக்கச் செய்திருக்கிறது. இயந்திரத்தின் எடை, அது தள்ளும் விசை இரண்டையும் அந்தப் பலகைதான் தாங்க வேண்டும். நடுக்கடலில் அது பிய்ந்தால்? வாங்க வந்தவர் பேசாமல் நின்றார். அவர் பெயின்ட் அடிக்க மட்டுமே பணம் கொண்டுவந்திருந்தார்.

உட்புறப் போர்வையை வெட்டி, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்தார்கள். (கண்ணாடித் தூள் பொல்லாதது, முகமூடி கட்டாயம். முழுக்கைச் சட்டை போடாத எனக்கு இரவெல்லாம் அரிப்பு!) வெட்டிய ஓரத்தைச் சரிவாகச் சீவினார்கள்: 5 மில்லிமீட்டர் கனத்துக்கு 60 மில்லிமீட்டர் சரிவு. ஒட்டும் பரப்பு கூடினால் விசை பரவிவிடும் அல்லவா?

ஈரம் இருந்தால் பிசின் ஒட்டாது. அதனால் மாலையில் ஒரு பிளாஸ்டிக் தாளை அங்கே விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டிவைத்தார் மேஸ்திரி. காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர்த்துளிகள். "இன்னும் வெயில் காயட்டும்" என்றார்.