காலனியக் காலப் போதகர்களின் சொத்துப் பங்கீடு

காலனியக் காலத்தில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கிறித்தவப் போதகர் ஒருவர் இறந்தால், அவரது சொத்து யாருக்குச் சேரும் என்பது எளிய கேள்வியாக இருக்கவில்லை. மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோர் ஒருபுறமும், அவர் வாழ்நாள் முழுவதும் உழைத்த மிஷன் மறுபுறமும் உரிமை பெறக்கூடியவர்களாக இருந்தனர். 1865ஆம் ஆண்டு வரை இதற்கு விடை பெரும்பாலும் உயிலிலோ குடும்ப வழக்கத்திலோ இருந்தது. அதன் பிறகு சட்டமே பங்குகளை வரையறுத்தது. மிஷனுக்கு எழுதிவைக்கும் உரிமையையும் கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாடு 2003ஆம் ஆண்டு வரை நீடித்தது.

மிஷனுக்கு எழுதப்பட்ட உயில்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் செருமானிய மறைப்பணியாளர்களைத் தமிழ்க் கிறித்தவர்கள் 'ஐயர்' என்று அழைத்தனர். அவர்களுள் புகழ்பெற்றவர் கிறித்தியான் பிரெட்ரிக் சுவார்ட்சு (1726-1798). 1750இல் தமிழகம் வந்த இவர் தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் பணியாற்றினார். தஞ்சை மன்னர் துளஜாவின் வளர்ப்பு மகனான இரண்டாம் சரபோஜிக்குப் பாதுகாவலராகவும் இருந்தார். சுவார்ட்சு திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன் பணியாற்றிய கோல்காஃப் என்பவரின் மகனான யோவான் காஸ்பர் கோல்காஃபைத் தம் பொறுப்பில் வளர்த்துக் குருவாக்கினார். 1798 பெப்ரவரி 13இல் தஞ்சாவூரில் இறந்தபோது, தம் சொத்தின் பெரும்பகுதியை மிஷன் பணிக்கே விட்டுச் சென்றார்.

வேலூர் வட்டாரத்தோடு தொடர்புடையவர் கிறித்தியான் வில்லெம் கெரிக்கே. 1767 முதல் கடலூரிலும் 1788 முதல் சென்னை வேப்பேரியிலும் பணியாற்றிய இவர் 1803இல் வேலூரில் காலமானார். அக்காலத்தில் வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயப் படை இருந்தது. கெரிக்கேயும் தம் சொத்தில் பெரும்பங்கை வேப்பேரி மிஷனுக்கு அளித்தார்.

இத்தகைய உயில்களைச் சென்னையில் 1726ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி அமைந்த மேயர் நீதிமன்றமும், அதன்பின் 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றமும், 1801இல் உச்ச நீதிமன்றமும் மெய்ப்பித்து ஏற்றன. இங்கிலாந்தில் 1736ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மரணப் படுக்கையில் நிலத்தை அறப்பணிக்கு எழுதிவைப்பதைத் தடுத்தது. அச்சட்டம் கல்கத்தாவுக்குப் பொருந்தாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1836இல் தீர்ப்பளித்தது.

உயில் இல்லாதபோது: ஆபிரகாம் வழக்கு

உயில் எழுதாமல் இறந்த இந்தியக் கிறித்தவரின் சொத்தை எந்தச் சட்டப்படி பிரிப்பது? மதம் மாறிய குடும்பத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறை தொடருமா, அல்லது மனைவி மக்களுக்கு மட்டுமே உரிமையா? இக்கேள்வியை எழுப்பியது போதகர் குடும்பம் அல்ல. சென்னை மாகாணத்தின் பெல்லாரியில் வணிகம் செய்த ஆபிரகாம் குடும்பம்.

மேத்யூ ஆபிரகாம் 1842இல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் மனைவி சார்லட் கலப்பினக் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மேத்யூவின் தம்பி பிரான்சிசு, தாங்கள் பாகப்பிரிவினை செய்யாத கூட்டுக் குடும்பத்தினர் என்று கூறிச் சொத்தில் உரிமை கோரினார். வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று 1863இல் முடிந்தது. கிறித்தவராக மாறியவரை இந்துச் சட்டம் தானாகக் கட்டுப்படுத்தாது. அவர் பழைய வழக்கத்தைக் கைவிடலாம், விரும்பினால் தொடரவும் செய்யலாம். அதை அக்குடும்பம் வாழ்ந்த முறையே காட்டும் என்று கவுன்சில் கூறியது. இக்குடும்பத்தில் கூட்டுக் குடும்ப உரிமை இல்லை என்றும் முடிவு செய்தது.

ஒவ்வொரு குடும்பத்தின் நடைமுறையையும் சாட்சிகளைக் கொண்டு நிறுவ வேண்டும் என்பது இத்தீர்ப்பின் விளைவு. இதனால் வழக்குகள் நீளும். இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டம் இந்த நிலையை மாற்றியது.

1865ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பங்குகள்

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1866 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்துக்கள், முசுலிம்கள், பௌத்தர்கள் இதன் வரம்புக்குள் வரவில்லை. ஐரோப்பியப் போதகர், இந்தியப் போதகர் என்ற வேறுபாடின்றிக் கிறித்தவர்களுக்கு இது பொருந்தியது. உயில் இல்லாதபோது முக்கிய விதிகள் வருமாறு:

- மனைவியும் மக்களும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு.
- மகன், மகள் என்ற வேறுபாடின்றி மக்களுக்குச் சம பங்கு.
- தந்தைக்கு முன்பே இறந்த மகன் அல்லது மகளின் பங்கு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு.
- மக்களோ பேரப்பிள்ளைகளோ இல்லாமல் உறவினர் மட்டும் இருந்தால் மனைவிக்குப் பாதி, உறவினருக்குப் பாதி.

எடுத்துக்காட்டாக, ஒரு போதகர் 9,000 ரூபாய் விட்டுச் சென்று, மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் இருப்பதாகக் கொள்வோம். மனைவிக்கு 3,000 ரூபாய். மக்கள் ஒவ்வொருவருக்கும் 2,000 ரூபாய். மகளுக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் அவள் பங்கு குறையாது. மேலும், திருமணத்தால் மட்டும் கணவனுக்கு மனைவியின் சொத்தில் உரிமை உண்டாகாது என்றும் இச்சட்டம் கூறியது.

அண்டை நாடான திருவிதாங்கூரில் நிலைமை வேறு. அங்கு 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் இல்லாதபோது மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்குக் கிடைத்தது. அதையும் அவள் சீதனமாக வாங்கியிருந்தால் உரிமை அத்துடன் முடிந்தது. மேரி ராய் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் அளித்த தீர்ப்பே, அப்பகுதிக்கும் பொதுச் சட்டம் பொருந்தும் என்று உறுதி செய்தது.

சொத்தில் சேராதவை

போதகர் குடியிருந்த எல்லாமே அவர் சொத்து அல்ல. ஆற்காட்டு மிஷனை 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கினர். வேலூர் வட்டாரத்தில் அந்த மிஷனும், ஆம்பூர்ப் பகுதியில் மிசௌரி லுத்தரன் மிஷனும் பள்ளிகளையும் ஆலயங்களையும் நடத்தின. இத்தகைய அமைப்புகளில் மிஷனுக்கு உரிய வீடும் நிலமும் போதகர் இறந்ததும் வாரிசுகளுக்குச் சேர்வதில்லை. சேமிப்பு, நூல்கள், வீட்டுச் சாமான்கள், சொந்தப் பெயரில் வாங்கிய நிலம் ஆகியவையே பங்கிடத் தக்கவை. சொந்த வீடு இல்லாத போதகரின் குடும்பம், அவர் மறைவோடு குடியிருப்பையும் இழக்க நேரிடும். போதகரின் உயில் மிஷனுக்கா, மனைவி மக்களுக்கா என்ற கேள்வி குடும்பத்துக்கு வாழ்வாதாரக் கேள்வியாக இருந்தது இதனால்தான்.

பன்னிரண்டு மாத விதி

இங்கிலாந்தின் 1736ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒத்த கட்டுப்பாடு ஒன்று 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது. உடன்பிறந்தார் மக்களோ அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயத்துக்கோ அறத்துக்கோ சொத்தை எழுதிவைக்க விரும்பினால் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இறப்பதற்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன் உயில் எழுதியிருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிட்ட இடத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்தக் கொடை செல்லாது. நோயாளியை வற்புறுத்திக் குடும்பத்தின் சொத்தைப் பறிப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். 1865க்குப் பின் ஒரு போதகர் கெரிக்கேயைப் போல மிஷனுக்கு எழுதிவைத்து, அடுத்த ஆண்டுக்குள் இறந்திருந்தால், உறவினர் அதை எதிர்த்து வெல்ல முடிந்திருக்கும்.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இவ்விதியை 118ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. கேரளத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவான ஜான் வல்லமட்டம், இது கிறித்தவர்களிடம் மட்டும் பாகுபாடு காட்டுகிறது என்று வழக்குத் தொடர்ந்தார். 2003 சூலை 21இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது.

இன்றைய நிலை

உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மக்களுக்கு மீதியில் சம பங்கும் என்ற விதி 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்றும் உள்ளது. உயில் எழுதும்போது இரண்டு சாட்சிகள் தேவை. பின்னர் திருமணம் செய்துகொண்டால் பொதுவாக அந்த உயில் செல்லாது. திருச்சபைக்கு எழுதிவைக்க இப்போது காலக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஏமாற்றியோ வற்புறுத்தியோ எழுதவைத்த உயிலை எதிர்க்கும் உரிமை குடும்பத்தினருக்கு இன்றும் உண்டு.