காகித அங்கியும் குசும்பாப் பூவும்

பள்ளி ஆண்டு விழாவுக்காக மகளுக்குக் காகிதத்தில் கவுன் தைத்து, அதன் மேல் உலர்ந்த பூக்களை ஒட்டி அனுப்பியிருக்கிறார் தூத்துக்குடி வாசகி ஒருவர். மேடை ஏறுவதற்குள் கவுன் அக்குளில் கிழிந்துவிட்டது. ரோஜா இதழ்கள் வழியெல்லாம் உதிர்ந்தன. காகித உடை என்பதே ஒருநாள் கூத்துக்குத்தானா, இல்லை நிஜமாகவே உடுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

முடியும். ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக உடுத்தியிருக்கிறார்கள். நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயில் துறவிகள் இன்றும் ஆண்டுதோறும் உடுத்துகிறார்கள்.

கவுன் கிழிந்தது தையலின் குற்றமல்ல, இழையின் குற்றம். கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் மரக்கூழில் செய்தது. அந்த இழையின் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஜப்பானியக் கைக்காகிதமான ‘வாஷி’க்குப் பெரும்பாலும் ‘கோசோ’ என்ற காகித மல்பெரியின் உள்பட்டையை எடுக்கிறார்கள். நம் ஆல், அரசு, பலா எல்லாம் இந்தச் செடிக்குச் சொந்தக்காரர்கள்தான். கோசோ இழை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இருக்கும். கூழைச் சல்லடையில் அள்ளி முன்னும் பின்னும் ஆட்டும்போது இந்த நீள இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. மூன்று வட்டாரங்களில் தொடர்ந்துவரும் இந்தக் காகிதக் கலையை யுனெஸ்கோ 2014இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் வாஷியை அப்படியே வெட்டித் தைத்தால் சட்டை ஆகாது. நடந்தால் சரசரக்கும், வியர்வை பட்டால் தளரும். இந்த இடத்தில் யாரும் எதிர்பாராத ஒரு கிழங்கு உள்ளே வருகிறது. பெயர் கொன்யாக்கு, நம் சேனையின் நெருங்கிய உறவு. அதன் மாவைத் தண்ணீரில் கரைத்தால் கொழகொழவென்று பசையாகும். அதைக் காகிதத்தின் இரண்டு பக்கமும் தடவிக் காயவைத்து, பிறகு கைகளால் நன்றாகக் கசக்குகிறார்கள். உருண்டையாகச் சுருட்டுவது, பிரிப்பது, மறுபடி கசக்குவது. காகிதத்தைக் கெடுப்பதற்குச் செய்யும் வேலை எதுவோ அதையேதான் அதை உடையாக்கவும் செய்கிறார்கள்! கசக்கக் கசக்க இழைகளுக்கு இடையே உள்ள விறைப்பு உடைகிறது. இழைகள் நீளமானவை என்பதால் பிடி விடுவதில்லை. புதுக் கதர் வேட்டி துவைக்கத் துவைக்க உடம்போடு இழைவதைப் போல, காகிதமும் மெல்ல மெல்லத் துணியின் குணத்துக்கு வந்துசேர்கிறது. கிழங்குப் பசைக்கு இன்னொரு குணமும் உண்டு. சுண்ணாம்பு நீரோ சாம்பல் நீரோ பட்டால் அது இறுகிவிடும், அதற்குப் பிறகு வெந்நீரில்கூடக் கரையாது. காற்றும் புகாது. இப்படிச் செய்த உடைக்குக் ‘கமிகோ’ என்று பெயர்.

நம் சேனையை அரைத்துத் தடவிப் பார்க்கலாமே என்று தோன்றினால் வேண்டாம். கொன்யாக்கின் பலம் குளுக்கோமன்னன் என்ற நார்ப்பொருளில் இருக்கிறது. சேனையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, அது வறுவலுக்கே சரி.

குளிருக்குக் கமிகோ நல்ல காவல். கவிஞர் பாஷோ 1689இல் ஜப்பானின் வடபகுதிக்கு நடைப்பயணம் கிளம்பியபோது, இரவுக் குளிருக்காகக் காகித அங்கி ஒன்றை மூட்டையில் வைத்திருந்தார். அதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவில் 1966இல் நடந்தது. ஸ்காட் பேப்பர் நிறுவனம் தன் தாள் பொருள்களுக்கு விளம்பரமாக 1.25 டாலருக்குக் காகித கவுன் விற்றது. ஓராண்டுக்குள் சுமார் 5 லட்சம் போயின. தூக்கி எறியலாம் என்பதே அதன் பெருமை! சில ஆண்டுகளில் அந்த மோகமும் குப்பைக்குப் போனது. காகிதம் என்றாலே உதவாக்கரை என்று நாம் நினைப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

ஜப்பானும் இந்த நுட்பத்தை எப்போதும் நல்லதற்கே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை, சுமார் 9,000 வெடிகுண்டு பலூன்களைப் பசிபிக் கடலுக்கு மேல் காற்றோட்டத்தில் அமெரிக்காவை நோக்கி மிதக்கவிட்டது ராணுவம். ஒவ்வொன்றும் 10 மீட்டர் விட்டம். அதே கோசோ காகிதம், அதே கொன்யாக்குப் பசை. அடுக்கடுக்காக ஒட்டியவர்களில் பள்ளி மாணவிகள் ஏராளம். பசைக்காகக் கிழங்கு போனதில் சாப்பாட்டுத் தட்டில் கொன்யாக்கு காணாமல் போனது. 1945 மே மாதம் ஓரிகன் மாநிலக் காட்டில் அப்படி விழுந்துகிடந்த ஒன்று வெடித்து, சுற்றுலா போன ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் இறந்தார்கள். உடம்பைப் போர்த்த வேண்டிய பொருளுக்கு இந்த வேலையைக் கொடுத்ததை எப்படி மன்னிப்பது?

இனி பூவுக்கு வருவோம். ரோஜா உதிர்ந்ததில் வியப்பில்லை. நீர் நிறைந்த இதழ் காய்ந்தால் சுருங்கி நொறுங்கத்தான் செய்யும். வாடாமல்லி அப்படியல்ல. அதில் நாம் பார்க்கும் நிறம் இதழுடையது அல்ல, பூவைச் சுற்றியுள்ள செதில்களுடையது. செடியில் இருக்கும்போதே அவை காகிதம் மாதிரி உலர்ந்திருக்கும். உலர் பூக்களைக் கப்பலேற்றும் தூத்துக்குடியிலேயே இருந்துகொண்டு ரோஜாவை ஒட்டியிருக்க வேண்டாம். போகட்டும், பல மேடைகளில் பிளாஸ்டிக் பூவை ஒட்டுகிறார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல்.

பூவை ஒட்டாமலே, சாயமாக உடையில் ஏற்றும் வழியும் உண்டு. தோதாய்ஜியின் ‘ஷுனி-எ’ வழிபாடு 752இல் தொடங்கி ஓராண்டுகூட விடுபடாமல் நடந்துவருகிறது. மார்ச் முதல் இரண்டு வாரம் பதினொரு துறவிகள் காகித அங்கி அணிந்து இருப்பார்கள். அதற்குமுன், பிப்ரவரியில், காகிதத்தாலேயே கமேலியாப் பூக்கள் செய்து நிஜக் கமேலியாக் கிளைகளில் செருகுவார்கள். இந்தப் பூக்களின் சிவப்பு குசும்பாவின் இதழிலிருந்து வருகிறது. ஆம், எண்ணெய் ஆட்டுகிறோமே, அதே குசும்பா. அதன் இதழில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் சாயம், சிவப்பு மிகச் சொற்பம். மஞ்சள் தண்ணீரிலேயே போய்விடும், சிவப்போ காரநீரில்தான் இறங்கும், புளிப்புப் பட்டதும் திரிந்து படியும். ஜப்பானியர்கள் வைக்கோல் சாம்பல் நீரில் சாற்றை இறக்கி, புகையூட்டிய ‘உமே’ என்ற காயின் புளிப்பால் திரித்து, அந்த வண்டலைக் காகிதத்தில் பலமுறை பூசுகிறார்கள்.

நம் நாட்டில் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் குசும்பாவை விதைக்காக விளைவிக்கின்றன. உலர்ந்த இதழ் கிடைத்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இதழ்களைத் துணியில் மூட்டையாகக் கட்டி, மஞ்சள் போகும்வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு சலவை சோடா கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். கையுறை அவசியம். அந்தச் சாற்றில் எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்தால் நுரைத்துக்கொண்டு சிவப்பு தெளியும். அடுப்பில் ஏற்றக் கூடாது, சூட்டில் நிறம் கெடும். தோய்க்கும் தாள், பனியன் துணிக் கழிவிலிருந்து புதுச்சேரியில் செய்கிறார்களே, அந்தப் பருத்திக் கைக்காகிதமாக இருக்கட்டும். பருத்தி இந்தச் சிவப்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சார்ட் பேப்பரோ பாத்திரத்திலேயே கூழாகிவிடும். காயப்போடுவது நிழலில். வெயில் பட்டால் சிவப்பு வெளுக்கும்.