ஜென்சி: புகழை விட்டு வகுப்பறைக்குப் போன குரல்

பின்னணிப் பாடகி. தமிழ்த் திரையில் 1978 முதல் 1980களின் தொடக்கம் வரை.

பற்றரியில் இயங்கிய வானொலிப் பெட்டிகள் இலங்கையின் வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பகுதி வீடுகளிலும் வயல் வாடிகளிலும் ஒலித்த காலம் அது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் விரும்பிக் கேட்டார்கள். அந்த அலைவரிசையில் வந்து மனதில் தங்கிய குரல்களில் ஒன்று ஜென்சியுடையது.

கேரளத்தைச் சேர்ந்த இவரை இளையராஜாவிடம் அறிமுகம் செய்தவர் யேசுதாஸ். 1978இல் ‘திரிபுரசுந்தரி’, ‘முள்ளும் மலரும்’. 1979இல் ‘புதிய வார்ப்புகள்’, ‘நிறம் மாறாத பூக்கள்’. 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ எனப் பாடல்கள் தொடர்ந்தன. 1980இல் வந்த ‘ஜானி’யில் ஸ்ரீதேவி பாடகியாக நடித்தார். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த மூவர் எஸ். ஜானகி, சுஜாதா, ஜென்சி.

அலங்காரச் சங்கதிகள் குறைவு. மலையாளம் தோய்ந்த உச்சரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண் பாடுவது போன்ற நெருக்கம். கேட்டதும் அடையாளம் தெரியும் குரல் அது.

வாய்ப்புகள் வந்துகொண்டிருந்தபோதே, கேரளத்தில் அரசுப் பாடசாலை இசை ஆசிரியை வேலையைத் தேர்ந்தெடுத்தார். பாடல் ஒலிப்பதிவுகள் சென்னையில், வகுப்பறையோ கேரளத்தில். இரண்டையும் சேர்த்து நடத்த முடியவில்லை. திரையுலகம் அவரை இழந்தது. இசை அவரை இழக்கவில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் அவரிடம் சுரம் கற்றார்கள்.

சில ஆண்டுகளே பாடியவரை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நினைக்கிறோம். கலை வாழ்வின் அளவுகோல் அதன் நீளம் அல்ல என்பதற்கு ஜென்சி சான்று.