துடைத்த கண்ணாடியில் ஏன் தடம்?

பத்தாம் வகுப்பு மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து நான் கிளம்பும்போது மணி ஐந்தே முக்கால். எங்கள் பள்ளி நகரத்துக்கு நேர் கிழக்கே இருக்கிறது. அதனால் காலையில் போகும்போதும் சூரியன் முகத்தில் அடிக்கும், மாலையில் திரும்பும்போதும் முகத்தில் அடிக்கும். பக்கத்து இருக்கையில் எங்கள் கணித ஆசிரியை. ஊருணிக்கரை வளைவில் வண்டி மேற்கே திரும்பியதும் முன்கண்ணாடி முழுவதும் ஒரே வெள்ளையாகிவிட்டது. சாலை, மரம், எதுவும் இல்லை. "டீச்சர், சைக்கிள்!" என்று அவர் கத்தினார். பிரேக்கை மிதித்தேன். சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் என் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். இறங்கித் திரும்பிப் பார்த்தவர் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா. "நீங்களா டீச்சர்? பார்த்து வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் வீடு போய்ச் சேரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கண்ணாடியை அன்று காலையில்தான் நானே கழுவியிருந்தேன். போர் தண்ணீரில் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கரைத்து, பஞ்சுத் துவாலையால் அழுத்தித் துடைத்து, வெயிலில் காயவும் விட்டிருந்தேன். கழுவிய கண்ணாடி ஏன் கழுவாத கண்ணாடியைவிட மோசமாகத் தெரிந்தது? பதினைந்து ஆண்டுகளாகக் கடின நீர் பாடம் நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை.

பதில் மறுநாள் முதல் பாடவேளையிலேயே கிடைத்தது, அதுவும் கரும்பலகையிலிருந்து. ஈரத்துணியால் பலகையைத் துடைத்த உடனே பாருங்கள், கன்னங்கரேலென்று புதிதாக இருக்கும். இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள், துணி போன வழியெல்லாம் வெள்ளை வரி வரியாக எழுந்து நிற்கும். நாம் சாக்பீஸ் தூளைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீரில் கலக்கிப் பலகை முழுவதும் பூசியிருக்கிறோம், அவ்வளவுதான். ஈரம் இருக்கும்வரை அது ஏன் தெரியவில்லை? துகள்களுக்கு இடையே காற்று இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறி வெள்ளையாகத் தெரியும். அந்த இடைவெளியில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது சிதறல் குறைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1, தண்ணீருடையது 1.33, கண்ணாடியுடையதும் சுண்ணாம்புத் துகளுடையதும் 1.5-ஐ ஒட்டியது. தண்ணீர் துகளுக்கு நெருக்கமான சொந்தம், காற்று தூரத்துச் சொந்தம். கார் கண்ணாடியிலும் இதே கதைதான். ஈரத்தில் பளிச்சென்று இருப்பதை நம்பி நாம் வேலை முடிந்தது என்று துணியைப் பிழிந்து போட்டுவிடுகிறோம்.

எட்டாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஆய்வகத்தில் இருந்த நான்கு கண்ணாடித் தகடுகளை நன்றாகக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு: பள்ளிப் போர் தண்ணீர், குடிநீர்க் கேன் தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைநீர். சன்னல் திண்ணையில் வெயிலில் வைத்தோம். காய்ந்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், போர் தண்ணீர்த் தகட்டில் சுண்ணாம்பால் வட்டம் போட்டதுபோல் ஒரு வளையம். கேன் தண்ணீரில் மங்கலான விளிம்பு. டிஸ்டில்டு வாட்டர் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மழைநீர்த் தகட்டில் மிக லேசான சுவடு. இதற்குப் பிறகு வருகிறேன்.

வளையம் ஏன், நடுவில் ஏன் திட்டாக இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சொட்டின் விளிம்பு மெல்லியது. அங்கே நீர் விரைவாக ஆவியாகிறது. ஆனால் விளிம்பு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பதால், குறைந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வெளிப்புறமாக ஓடுகிறது. போகும்போது தன்னில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் கொட்டுகிறது. மேசையில் சிந்திய காப்பி காயும்போது ஓரம் மட்டும் கருத்துப் போவதும் இதனால்தான். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் காப்பி வளையத்தை விளக்கி 'நேச்சர்' இதழில் கட்டுரையே எழுதினார்கள். நாம் தினமும் அடித்துத் துடைக்கிற ஒரு கறைக்கு இவ்வளவு மரியாதை!

இனி அளவு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. 600 உள்ள நீரில் 50 மில்லிலிட்டர் மட்டும் கண்ணாடி மேல் காய்ந்தால் எவ்வளவு படியும் என்று வகுப்பில் கணக்குக் கொடுத்தேன். 30 மில்லிகிராம். கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் அதை மாவாக்கி ஒரு கண்ணாடி முழுவதும் தூவி, எதிரே சூரியனை வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். பகலில் சூரியன் உச்சியில் இருக்கும்போது இந்தப் படலம் கண்ணில் படவே படாது. கதவிடுக்கில் விழும் ஒளிக்கற்றையில் மட்டும் தூசி தெரிவதுபோல, எதிரிலிருந்து வெளிச்சம் வரும்போதுதான் அது திரையாக விழுகிறது. அதாவது நமக்குப் பார்வை மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்து.

அந்த வெள்ளைப் புள்ளி ஏன் மறுபடி தண்ணீர் ஊற்றினால் கரைவதில்லை? தண்ணீரில் இருந்துதானே வந்தது? இங்கேதான் நம் பாடநூல் கைகொடுக்கிறது. போர் தண்ணீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் பைகார்பனேட். அது காய்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. கொதிக்க வைத்துத் தற்காலிகக் கடினத்தன்மையை நீக்குகிறோமே, அதே வினைதான். பைகார்பனேட் நீரில் கரையும். கார்பனேட் ஏறக்குறைய கரையாது. வந்த வழியே திரும்பிப் போக முடியாது. அமிலம் இருந்தால்தான் போகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பிடித்திருந்த வெள்ளைச் செதிலை ஒரு மாணவன் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தது. கார் கண்ணாடியில் நான் பயன்படுத்துவது வினிகர். சம அளவு நல்ல தண்ணீர் கலந்து துணியில் நனைத்துப் புள்ளிகள் மேல் சில நிமிடம் வைத்துவிட்டுத் துடைத்து, பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். வண்டியின் வண்ணப்பூச்சில் வழியவிடக் கூடாது. புளி நல்ல அமிலம்தான், குத்துவிளக்குக்குச் சரி; கண்ணாடிக்குப் பிசுபிசுப்பு மிஞ்சும். மாதக்கணக்கில் ஊறிப்போன பழைய புள்ளிகளில் வினிகரும் தோற்கும். அவற்றில் சிலிக்காவும் சல்பேட்டும் இருக்கலாம். அவை அதற்கு அசைவதில்லை.

அடுத்தது நான் கரைத்த ஷாம்பு. சோப்பு கடின நீரோடு சேர்ந்தால் நுரைக்காமல் திரியும் என்பது நாம் சோதனைக் குழாயில் காட்டுகிற பழைய பாடம். அந்தத் திரிவு கண்ணாடியில் ஒட்டினால் கொழுப்புப் படலம். டிடர்ஜெண்டுக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் அளவு மிஞ்சினால் அதுவே படலம். ஷாம்பிலோ முடியை வழுவழுப்பாக்குவதற்கென்றே சேர்த்த பொருள்கள் இருக்கின்றன. முடிக்கு நல்லது, கண்ணாடிக்கு எண்ணெய் தடவியதுபோல. கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரையும் நான் விட்டு வைக்கவில்லை. ஆல்கஹால் பிசுக்கை எடுத்தது. கை வறளாமலிருக்கச் சேர்த்த கிளிசரின் ஆவியாகாமல் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். இது குறைவாகத் தோன்றும். நுரை வந்தால்தான் சுத்தம் என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் எதிரே வரும் பேருந்தின் விளக்கொளியில் கண்ணாடி மங்கலாகத்தான் இருந்தது. வகுப்பில் புலம்பியபோது கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல்: "உள்பக்கம் தொடச்சீங்களா டீச்சர்?" அவன் அப்பா வேன் ஓட்டுகிறார். விடுமுறை நாட்களில் வண்டி கழுவுவது அவன் வேலை. வெள்ளை ஏட்டுத் துணியை உள்கண்ணாடியில் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன், துணியில் பழுப்பாக ஒரு பட்டை. மூடிய வண்டி வெயிலில் நிற்கும்போது டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள்கள் ஆவியாகிக் கண்ணாடியில் போய்ப் படிகின்றன. நம் மூச்சுக்காற்று, விரல் பிசுக்கு, வெள்ளிக்கிழமை ஊதுபத்திப் புகை எல்லாம் அதில் சேரும். இது உப்பு அல்ல, கொழுப்பு. எனவே வினிகர் இங்கே பெரிதாக உதவாது. மேலே சொன்ன இரண்டு சொட்டுத் திரவக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, வெறும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டாம் முறை, உலர்ந்த துணியால் மூன்றாம் முறை. தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியிலேயே நனைப்பது நல்லது. டேஷ்போர்டின் இடுக்குகளில் இறங்காது.

அவனே இன்னொன்றும் சொன்னான். அதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. உள்ளே குறுக்காகத் துடைக்க வேண்டும், வெளியே மேலிருந்து கீழாக. அப்புறம் ஒரு வரி தெரிந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை; படுத்திருந்தால் உள்ளே, நின்றிருந்தால் வெளியே. பின்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய கம்பிக் கோடுகள் உள்ள வண்டிகளில் அவையும் குறுக்காகத்தான் ஓடும். அவற்றின் போக்கில் துடைத்தால் பழுதாகாது. பக்கக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டு மேல் விளிம்பை முதலில் துடைக்கச் சொன்னதும் அவன்தான். ரப்பருக்குள் ஒளிந்திருந்த அழுக்குக் கோடு அப்போதுதான் வெளியே வருகிறது. இவனுடைய அறிவியல் நோட்டில் கடின நீர் பாடம் பாதிப் பக்கத்தோடு நின்றிருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டே வளரறி மதிப்பெண் போட்டேன்.

இப்போது நான் கழுவும் முறை மாறிவிட்டது. வெயில் ஏறும் முன் அல்லது நிழலில்தான் கழுவுவேன். சூடான கண்ணாடியில் தண்ணீர் நாம் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். காய்ந்த துணியால் தூசியைத் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாலைத் தூசியில் குவார்ட்சு மணல் உண்டு. மோ அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7, கண்ணாடியுடையது ஏறக்குறைய 5.5. நாம் துடைக்கவில்லை, கீறுகிறோம். ஊற்றுவதற்குப் போர் தண்ணீரே போதும், ஆனால் கடைசி அலசல் மட்டும் உப்பில்லாத நீரில். ஏசி குழாயில் சொட்டும் நீரை வாளியில் பிடித்து வைக்கிறேன். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வந்தது. அதில் கால்சியத்துக்கு வேலையே இல்லை. ஒரு சொம்பு போதும். பிறகு அது தானாகக் காய்வதற்கு முன் துடைத்து எடுத்துவிட வேண்டும். மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான்: ஆவியாகிற நீர் தன்னிடம் இருப்பதை விட்டுவிட்டுப் போகும், துணி உறிஞ்சுகிற நீர் எடுத்துக்கொண்டு போகும்.

துணிக்கு, பலமுறை வெளுத்த பழைய பருத்தி வேட்டிக்கு இணையில்லை. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். துவாலை பஞ்சு உதிர்க்கும். மைக்ரோஃபைபர் துணி வாங்கினால் வாசனைத் திரவம் எனப்படும் துணி மிருதுவாக்கியில் அலசாதீர்கள். அந்த வழுவழுப்பு நூலில் படிந்து கண்ணாடிக்கு வந்துசேரும். செய்தித்தாள் நன்றாகத்தான் உறிஞ்சுகிறது, பஞ்சும் உதிராது. ஆனால் மை கையிலும் ரப்பர் ஓரத்திலும் ஒட்டும். அம்மா அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைத் திருநீறு போட்டுத் தாளால் துடைத்துப் பளபளப்பாக்குவார். சாம்பல் பிசுக்கை உறிஞ்சும் என்பது உண்மை. ஆயினும் அதில் ஒரு மணல் துகள் இருந்தால் கார் கண்ணாடியில் நிரந்தரக் கோடு விழும் என்பதால் அதை விளக்கோடு நிறுத்திக்கொண்டேன். வைப்பர் ரப்பரின் விளிம்பை ஈரத்துணியால் இரண்டு விரலுக்கிடையே பிடித்து இழுத்தால் கருப்பாக வரும். அது இருக்கும்வரை முதல் மழையில் கண்ணாடியில் அரைவட்ட வரிகள் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

மழைநீர்த் தகட்டில் ஏன் சுவடு என்ற கேள்வி பாக்கி. மழைநீர் மென்னீர்தானே என்று வகுப்பே மடக்கியது. மேகத்திலிருந்து கிளம்பும்போது அப்படித்தான். வரும் வழியில் காற்றிலுள்ள தூசியையும், எங்கள் ஓட்டுக்கூரையில் கோடை முழுவதும் சேர்ந்த புழுதியையும் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்த மழையில் முதல் கால் மணி நேரத்து நீரை விட்டுவிட்டு, அதன் பிறகு திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்தோம். ஐந்தாவது தகட்டில் அந்தச் சொட்டைக் காயவைத்து, வேன் ஓட்டுநரின் மகனிடம் கொடுத்துச் சொட்டு எங்கே இருந்தது என்று கேட்டேன். அவன் தகட்டைச் சன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க வெக்கவே இல்ல டீச்சர்" என்றான்.