தவறினாலும் இடமுண்டு என்ற நம்பிக்கை

பயிற்றுவிப்பாளர் என்றால் எல்லைக்கோட்டில் நின்று சத்தமிடுபவர் என்றே நம்மில் பலர் நினைக்கின்றோம். பாடசாலைப் போட்டிகளில் நான் காண்பது வேறு. ஒவ்வொரு பிழைக்கும் ஏச்சு வாங்கும் பிள்ளை, பந்தைவிட பயிற்றுவிப்பாளரின் முகத்தையே அதிகம் பார்க்கிறான்.

1996 உலகக் கிண்ணத்தை எண்ணிப் பாருங்கள். முதல் 15 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்களுக்கு மாத்திரமே அனுமதி. அதைப் பயன்படுத்தி ஆரம்பம் முதலே அடித்தாடும் பொறுப்பு சனத் ஜயசூரியவுக்கும் ரொமேஷ் களுவிதாரணவுக்கும் உரியது. அடித்தாடினால் விக்கெட்டும் விழும். பயிற்றுவிப்பாளர் டேவ் வட்மோரும் தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் தலைமை தாங்கிய அணி அந்த ஆபத்தை ஏற்றே விளையாடியது.

இந்தியாவுடனான அரையிறுதியில் இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தனர். ஆனாலும் லாகூர் இறுதிப் போட்டியில் அதே இருவரே முதலில் களமிறங்கினர். அங்கும் அவர்கள் சோபிக்கவில்லை. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் பெற, 7 விக்கெட்டுகளால் வென்றோம். தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானவர் ஜயசூரியவே.

ஊக்கம் என்பது போட்டிக்கு முந்திய வீராவேசப் பேச்சல்ல. உன் வேலை இதுதான் என்று தெளிவாகச் சொல்வது. அதைச் செய்யப்போய் தவறினால் இடத்தைப் பறிக்காதிருப்பது. பிழையைத் தனியே அழைத்துத் திருத்துவது. இம்மூன்றும் இருந்தால் வீரன் பயமின்றி ஆடுவான்.

பயிற்றுவிப்பாளர்களே, பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை பூச்சியத்துடன் திரும்பும்போது ஏசுவதற்கு முன் சற்று நிதானியுங்கள்.